தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் எருக்கிலை

ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கடைத்தெரு வழி. இன்னொன்று தண்டவாள வேலியை ஒட்டிப் போகும் மண் பாதை. புது மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததற்கு அடுத்த கோடை அது. ஜூலை வெயிலில் அந்த மண் பாதையில் வந்துகொண்டிருந்தபோது ஒரு வாசனை என்னை நிறுத்தியது. மல்லிகையில் தேனைக் குழைத்த மாதிரி வாசனை. வேலியோரமாக, என் இடுப்புயரத்துக்குச் செடிகள் கூட்டமாக நின்றன. தடித்த இலைகள். இலையின் அடியில் வெளுத்த பூனைமயிர் போன்ற மென்மை. உருண்டை உருண்டையாக, மங்கிய ரோஜா நிறத்தில் பூங்கொத்துகள்.

"எருக்கு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மாண்ட்ரியல் வந்த நாளிலிருந்து பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை இல்லாமல் அருகம்புல்லை வைத்தே ஒப்பேற்றி வந்தவள் நான். ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். குபுக்கென்று வெள்ளைப் பால் வந்து விரலில் பிசுபிசுத்தது. எருக்கேதான் என்று சொல்ல முடியாது. எருக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். அந்த இலையைத் திருப்பினேன். அடியில் ஒரு புழு இருந்தது.

மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று மாறி மாறி வளையம் போட்டிருந்தது. தலைப்பக்கம் இரண்டு கறுப்புக் கொம்பு, வால்பக்கம் இரண்டு சின்னக் கொம்பு. இலையின் ஓரத்தைப் பிறை வடிவத்தில் அரித்துக்கொண்டே போனது. மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. நான் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு ரயில் போனது கூடப் பிறகுதான் உறைத்தது.

"அக்கா, ஏதும் துலைச்சுப் போட்டியளோ?"

எங்கள் தெரு முனை வீட்டில், அடித்தளத்தில் வாடகைக்கு இருந்த பெண். இலங்கை, மன்னார்க்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை உடுப்போடு கணவனோடு கோயிலுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவள் சொல்லும் கோயில் தேவாலயம் என்று எனக்குப் புரியவே சில மாதம் ஆனது. பார்த்தால் சிரிப்போம். ஒன்றிரண்டு வார்த்தை, அதற்குமேல் பேசியதில்லை.

"ஒண்ணும் தொலைக்கல. புழு பாக்கறேன்" என்றேன்.

யாராக இருந்தாலும் நகர்ந்து போயிருப்பார்கள். அவள் கையிலிருந்த பையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மயிர்க்கொட்டியோ? தொடாதேங்கோ, கடிக்கும்."

"கம்பளிப்பூச்சியா? இதுக்கு மயிரே இல்லையே, பாருங்க."

அவள் மூக்கு இலையில் படும் அளவுக்குக் குனிந்தாள். "ஓம், இல்லைத்தான். சரியான வடிவா இருக்கு" என்றாள். பிறகு, "உது என்னத்துக்கு அக்கா இப்பிடி வேலை மினைக்கெட்டுச் சாப்பிடுது?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. மறுநாளே நூலகத்துக்குப் போனேன். அந்தக் கோடையில் எனக்கு வேலை இல்லை. பகுதிநேரமாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலகம் இடம் மாறிவிட்டது, மகளும் படிப்புக்காக ஒட்டாவா போய்விட்டாள். நூலகத்தில் கிடைத்தது சிறு பிள்ளைகளுக்கான ஒரு பிரெஞ்சுப் படப்புத்தகம்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அதை வரிவரியாகப் படித்தேன். அந்தப் புழு மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு. அந்தச் செடியைத் தவிர உலகத்தில் வேறெதையும் தின்னாது. கோடைக் கடைசியில் பிறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் இங்கிருந்து புறப்பட்டு மெக்சிகோ மலைக்காடு வரை பறக்கும். வழி காட்ட ஆள் கிடையாது. போன வருடம் போனவை எதுவும் உயிரோடு இருக்காது. இவை பிறக்கும், போகும், அவ்வளவுதான்.

சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறியாளர். எதையும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் பேசுவார்.

"இந்தத் தம்மாத்தூண்டு பூச்சி மெக்சிகோ போகுமா? நாம கையில மேப்பை வெச்சுக்கிட்டே டொராண்டோவுக்கு வழி தப்பினோம்" என்றார்.

அதன் பிறகு தினமும் காலையில் நானும் மன்னார்க்காரியும் வேலியோரம் போக ஆரம்பித்தோம். முட்டையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டோம். இலையின் அடியில், குண்டூசித் தலையைவிடச் சிறியதாக, பால்வெள்ளையில் ஒன்றே ஒன்று ஒட்டியிருக்கும். ஒரு தாய்ப்பூச்சி எங்கள் கண்ணெதிரே வந்து இலை நுனியைக் காலால் தட்டிப் பார்த்து, வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்தது. மன்னார்க்காரி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆனால் முந்தைய நாள் பார்த்த முட்டை மறுநாள் இருக்காது. எறும்பு வரிசை போயிருக்கும். பொடிப் புழு இருந்த இலையில் சிலந்தி உட்கார்ந்திருக்கும். ஒருநாள், நாங்கள் முதலில் இருந்தே பார்த்து வந்த ஒரு புழுவைக் குளவி ஒன்று பிடித்து, எங்கள் முன்னாலேயே கத்தரித்துத் துண்டாக எடுத்துக்கொண்டு பறந்தது. மீதிப் பாதி இலையிலேயே கிடந்தது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். குளவி மேல் படவில்லை.

"அக்கா, உதுகளை இஞ்சை விட்டால் ஒண்டும் மிஞ்சாது. வீட்டை கொண்டுபோவம்" என்றாள் அவள்.

அவள் வீட்டு அடித்தளத்தில் வெளிச்சம் போதாது. அதனால் என் சமையலறை ஜன்னல் மேடைதான் என்று முடிவானது. காலிஃபிளவரில் ஒரு புழு தலைகாட்டினாலே பூவை முழுசாகத் தூக்கிப் போடுகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் சொல்லாமலே ஊறுகாய் ஜாடிகளில் இலைக்கொத்தைச் செருகிப் புழுக்களை விட்டுவிட்டேன். மாலையில் அவர் காபி போடப் போனவர் நின்றார். குனிந்து ஜாடிகளைப் பார்த்தார்.

"சாப்பாட்டு மேஜைக்கு வராது இல்ல?" என்றார்.

"வராதுங்க."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஊறுகாய் ஜாடியில் சில நாள்கூட அவை அடங்கவில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றன. காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் அப்பளம் நொறுங்குகிற மாதிரிச் சத்தம் மெல்லியதாகக் கேட்கும். தின்றதற்குத் தகுந்தபடி கடுகு கடுகாக எச்சம் விழும். நாளுக்கு இருமுறை துடைத்தேன். திருச்சியிலிருந்து வந்தபோது பெட்டியில் கொண்டுவந்து ஒருநாளும் கட்டாத கொசுவலை ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"கொசுவலை. இதுல ஏதாவது தைக்க முடியுமா?"

"நுளம்பு வலையோ? தாங்கோ. பின்னேரம் கொண்டு வாறன்" என்றாள். அவள் ஒரு தையல் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பவள். சொன்ன மாதிரியே மாலையில் கொண்டுவந்தாள். துணி உலர்த்தும் மடக்குக் கம்பிச் சட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் வலை, ஒரு பக்கம் மேலிருந்து கீழ் வரை ஜிப். உள்ளே ஒரு குழந்தையே உட்காரலாம். குளவி மட்டுமல்ல, ஒரு கொசு நுழையவும் இடம் வைக்கவில்லை.

ஒருநாள் ஒரு புழு காலையிலிருந்து அசையவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். மாலை வரை அப்படியே. எடுத்துத் தொட்டி மண்ணில் போட்டுவிடலாம் என்று கையைக் கொண்டு போனபோது மன்னார்க்காரி தடுத்தாள். "கொஞ்சம் பொறுங்கோ அக்கா. முகம் ஏதோ செய்யுது." உண்மைதான். முகத்தின் கறுப்புத் தோல் தொப்பி மாதிரிக் கழன்று விழுந்தது. பிறகு முழுத் தோலையும் காலுறை போலப் பின்பக்கமாக உருவிவிட்டு, புதுசாக, பளபளவென்று வெளியே வந்தது. திரும்பி, கழற்றிய தோலைத் தின்றது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவளுடைய கழுத்துப்பட்டி மூட்டை அப்படியே கிடந்தது.

பெருத்துக் கொழுத்த முதல் புழு ஒரு காலை வலையின் கூரைக்கு ஏறியது. அங்கே வெள்ளையாக ஒரு நூல் முடிச்சு போட்டு, பின்காலால் பிடித்துக்கொண்டு தலைகீழாக, ஒரு தூண்டில் முள் போல வளைந்து தொங்கியது. மறுநாள் நாங்கள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். புத்தகத்தில் படம் இருந்ததால் வரப்போவது தெரியும். ஆனாலும் அது வந்த வேகத்துக்கு நாங்கள் தயாராக இல்லை. முதுகுத் தோல் கிழிந்தது. உள்ளிருந்து பச்சை நிறத்தில், ஈரமாக, கை கால் இல்லாத ஏதோ ஒன்று நெளிந்து நெளிந்து தோலை மேலே தள்ளியது. சுருங்கிப்போன தோல் ஒரு கறுப்பு உருண்டையாகக் கீழே விழுந்தது. அது இன்னும் சில சுற்று சுற்றிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் கெட்டிப்பட்டு, இளம்பச்சைச் சிமிழாகிவிட்டது. அதன் கழுத்தைச் சுற்றி வரிசையாகத் தங்கப் பொட்டுகள். வண்ணம் பூசின மஞ்சள் இல்லை, நகைக்கடைத் தங்கம்.

"அக்கா, உது பொன்தானே" என்றாள் அவள், மெதுவாக.

என் அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்திருந்தது. அவள் வீட்டில் சோறு அடிப்பிடித்துக் கரியாகியிருந்ததைப் பிறகு சொன்னாள்.

எல்லாமே அப்படி நல்லபடி நடக்கவில்லை. வேலியோரத்தில் பெரிதாக வளர்ந்த பிறகு பிடித்து வந்த புழுக்களில் சில, தலைகீழாகத் தொங்கியதோடு சரி, வெறும் பை மாதிரித் துவண்டுபோயின. அவற்றிலிருந்து பசைநூல் போல நீளமாக ஏதோ தொங்கியது. நூலைப் பிடித்து வெள்ளைப் புழுக்கள் இறங்கின. ஏதோ ஓர் ஈ, நாங்கள் எடுத்து வருவதற்கு முன்பே அவற்றின் மேல் முட்டையிட்டிருக்கிறது. நாங்கள் வலை கட்டிக் காத்ததெல்லாம் அந்த ஈயின் பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.  அதன் பிறகு முட்டையையும் பொடிப் புழுவையும் மட்டும்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். இலையையும் குழாயில் அலசித் துடைத்துத்தான் வைத்தோம்.

முதல் சிமிழ் ஒரு காலை கறுத்துப் போயிருந்தது. இதுவும் போச்சு என்று நினைத்துக் கிட்டே போனேன். கறுப்பு இல்லை. சிமிழ் கண்ணாடி போல ஆகி, உள்ளே மடித்து வைத்த ஆரஞ்சுச் சிறகு தெரிந்தது. நான் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டேன். "வாங்க" என்று ஒரு சொல்தான் சொன்னேன். செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

சிமிழின் வாய் திறந்தது. கசங்கிய துணி மாதிரி ஒன்று, பெருத்த வயிற்றோடு, கால்களால் சிமிழைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தது. சிறகு என்று சொல்ல முடியாது. இரண்டு சுருங்கிய கந்தல். நாங்கள் மூச்சு விடவில்லை. வயிறு சுருங்கச் சுருங்கக் கந்தலுக்குள் ஏதோ ஓடியது. சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சுச் சிறகாகி, கறுப்பு நரம்பும் வெள்ளைப் பொட்டுமாகத் தொங்கியது. மதியம் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஜிப்பைத் திறந்தேன். விரலில் ஏறியது. எடையே இல்லை. ஒருமுறை சிறகை விரித்து மூடி, கூரைக்கு மேல் போய்விட்டது. நான் இந்த வயதில் தோட்டத்தில் குதித்தேன். மன்னார்க்காரியும் குதித்தாள்.

தோட்ட வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பின்வீட்டுக்காரர், நாங்கள் மிஸ்யூ, அதாவது ஐயா, என்று கூப்பிடுபவர், பார்த்துக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய புல்வெளியில் புல்லைத் தவிர ஒரு இலை இருக்காது. நான் முந்தைய வாரம் மண் பாதையிலிருந்து கொண்டுவந்து இந்த வேலியோரம் நட்ட எருக்குக் கன்றுகளை அவர் பார்த்துவிட்டு, "மதாம், அது களை. வேரோடு ஓடும். என் பக்கம் வந்தால் பிடுங்குவேன்" என்று சொல்லியிருந்தார். பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். எனக்குப் புரியாமல் இல்லை. அவருக்கு வேலை வைக்காமல் கன்றுகள் தாமாகவே வாடிச் செத்தன.

ஆகஸ்ட் நடுவில் ஒரு காலை, சமையலறையில் நிற்கும்போது தண்டவாளப் பக்கமிருந்து இயந்திரச் சத்தம் கேட்டது. ஒரு கணம் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கணம் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியில் முனை வீட்டு ஜன்னலைத் தட்டினேன். "புல்லு வெட்டுறாங்க" என்றதும் அவள் தையல் இயந்திரத்தின் மேல் விளக்கை அணைக்காமலே வந்துவிட்டாள்.

வண்டி வேலியோரத்தை ஒரு பக்கமிருந்து மழித்துக்கொண்டே வந்தது. எங்கள் செடிகளுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் பாக்கி. நான் வண்டிக்கு முன்னால் போய்க் கையை ஆட்டினேன். ஓட்டியவர் நிறுத்தி, காதுமூடியைக் கழற்றினார். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சு ஒரு சொல்லும் வரவில்லை. மன்னார்க்காரி ஓடிப்போய் ஓர் இலையைக் கிள்ளி வந்து, அதிலிருந்த புழுவை அவர் மூக்கருகே நீட்டினாள். "மெக்சிக்" என்றாள். "மிஸ்யூ, மெக்சிக்." கையால் பறந்து காட்டினாள்.

அவர் புழுவைப் பார்த்தார். எங்கள் வாளியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு காபி குடிக்கிற நேரம்" என்று விரலை உயர்த்திச் சொல்லிவிட்டு, இயந்திரத்தை அணைத்து, குடுவையைத் திறந்தார். பாவம், அந்தக் காபியை அவர் ரொம்ப நிதானமாகக் குடித்தார். நாங்கள் செடி செடியாகப் புகுந்தோம். புழு இருக்கும் தண்டை ஒடித்து வாளியில், முட்டை இருக்கும் இலையைக் கிள்ளிப் பையில். கை முழுக்கப் பால், தலைமுடியெல்லாம் பிசின். அவர் கடைசி வாய் குடித்து முடித்தபோது எங்கள் வாளி நிரம்பியிருந்தது. வெட்டிய பிறகும் பின்னாலேயே போய், கீழே விழுந்த தழையை மூட்டையாக அள்ளிக்கொண்டோம்.

வீட்டில் குளிர்பெட்டியைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றிய எருக்கிலைகளைத் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், கறிவேப்பிலைக்கு மேலே, முட்டைகோஸுக்குக் கீழே என்று இடம் கண்ட இடத்திலெல்லாம் அடைத்தேன். அன்று மாலை தயிர் எடுக்கப் போன கணவர், "இதெல்லாம் நாம சாப்பிடறதா, அதுங்க சாப்பிடறதா?" என்று மட்டும் கேட்டார்.

வாளியில் வந்த கூட்டத்துக்கு அந்த இலை எந்த மூலைக்கு. ஒரு வாரத்தில் குளிர்பெட்டி காலி. மண் பாதையில் ஒட்ட வெட்டிய தண்டுகள்தான் மிச்சம். நான் பேருந்தில் ஏறி நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி வரை போய், அங்குள்ள தண்டவாள ஓரமெல்லாம் நடந்தேன். அங்கும் வெட்டிவிட்டிருந்தார்கள். மன்னார்க்காரி செயின்ட்-மிஷேலில் இருந்த தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தொலைபேசியில் அடையாளம் சொன்னாள். "எருக்கலை மாதிரி, எருக்கலை இல்லை. பால் வரும்." அவர்களுக்கு விளங்கவில்லை. நான் பசலைக்கீரை வைத்துப் பார்த்தேன். முட்டைகோஸ் வைத்தேன். புழுக்கள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தின்ன ஒன்றுமில்லாமல் அவை வலையின் நாலு பக்கமும் ஏறி இறங்கி அலைந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. இரவல் வாங்கிய பிள்ளைகளைப் பட்டினி போட்ட மாதிரி இருந்தது.

வேறு வழியில்லாமல் வலையைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்து வெறுமனே உட்கார்ந்திருந்தேன். மிஸ்யூ வேலிக்கு வந்தார்.

"மதாம், யாராவது இறந்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. இரக்கத்தால் இல்லை.

"அந்தக் களை உங்களுக்குத் தேவையா? காசு வாங்காமல் பிடுங்கிக்கொண்டு போவீர்களா?" என்று கேட்டார். அவர் பண்ணையில் பிறந்தவராம். வைக்கோலில் அந்தச் செடி கலந்தால் ஆடு மாடுகளுக்கு ஆகாது என்று அவர் அப்பா பிள்ளைகள் எல்லாரையும் கோடை முழுக்கப் பிடுங்க விடுவாராம். பிடுங்கப் பிடுங்க முளைக்குமாம். அதன் காய்க்குக் காலாக நாலு குச்சி செருகிப் பன்றிக்குட்டி செய்து விளையாடியது மட்டும்தான் அதனால் கண்ட ஒரே நன்மை என்றார். "என் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுடைய ஓடைக்கரை முழுக்க அந்தச் சனியன்தான். வண்டியில் ஏறுங்கள்."

ஏறினோம். மன்னார்க்காரி பின்னிருக்கையில், மடியில் காலி வாளிகளோடு. மாண்ட்ரியல் தீவின் மேற்கு முனைப் பாலத்தைத் தாண்டி, தண்ணீர் ஓரமாகவே போய், ஒரு சோளக்கொல்லையைச் சுற்றி வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன். ஓடையின் இரு கரையிலும், கண் போகும் தூரம் வரை எருக்கு. தளதளவென்று, யாரும் தொடாமல். எனக்குத் தலை கிறுகிறுத்தது. "யேசுவே" என்று மன்னார்க்காரி சேலையை, இல்லை, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டாள். மிஸ்யூ கையுறை போட்டுக்கொண்டு தன் பங்குக்கு வேரோடு பிடுங்கினார். நாங்கள் இலையை மட்டும் கிள்ளுவதைப் பார்த்து, "அப்படி இல்லை, வேரோடு, வேரோடு" என்று அதட்டினார். அவர் பிடுங்கிய ஒவ்வொன்றிலும் நாங்கள் முட்டை தேடினோம். அவருடைய தம்பி வரப்பில் நின்று, இந்த மூன்று பேருக்கும் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வாரம் இருமுறை மிஸ்யூவின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. புழுக்கள் பெருத்தன. ஜிப்பைத் திறந்து மூடும் அவசரத்தில் சில தப்பித்தன. ஒன்று ஜன்னல் திரையில் சிமிழாகத் தொங்கியது. ஒன்று கதவோரம் சாத்தியிருந்த என் கணவரின் குடைப்பிடியில் தொங்கியது. மழை கொட்டிய ஒரு காலை அவர் குடையை எடுக்கக் கை நீட்டினார், பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார். நனைந்துகொண்டே ரயிலுக்குப் போனார். மாலை திரும்பி வந்து சட்டையைப் பிழிந்தபடி முதலில் கேட்டது, "குடைக்காரன் எப்படி இருக்கான்?"

செப்டம்பர் வந்தது. சிமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்துத் திறந்தன. ஆனால் வானம் ஒத்துழைக்கவில்லை. சில நாளாகக் குளிர்ந்த தூறல். நனைந்த குளிரில் விட்டால் பறக்காது என்று தெரியும். வலைக்குள் சிறகுகள் நிறைந்துகொண்டே போயின. தேன் கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்தோம். சமையலறையில் நடக்கும்போதெல்லாம் காகிதம் புரட்டுவது போல மெல்லிய சத்தம்.

ஒரு காலை மழை விட்டிருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும், கதவு தட்டப்பட்டது. மிஸ்யூ கோட்டைத் தப்பும் தவறுமாகப் பொத்தான் போட்டிருந்தார்.

"மதாம், தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். வாருங்கள். உங்கள் பூச்சிகளையும் கொண்டு வாருங்கள். என்ன என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குச் சொல்ல வராது."

அலுவலகத்துக்கு உடுத்தி நின்ற என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு வலையின் ஒரு முனையைப் பிடித்தார். "நானும் வரேன். இதை நீ ஒருத்தியா தூக்க முடியாது." மன்னார்க்காரியை முனை வீட்டில் ஏற்றிக்கொண்டோம். "எங்கை போறம்?" என்றாள். "தெரியல" என்றேன். "சரி, போவம்" என்று ஏறிக்கொண்டாள்.

பண்ணைக்குப் பின்னால், ஏரிக்கரையில், காற்றுத் தடுப்புக்கு வளர்த்த மரங்கள் ஒரு வரிசை உண்டு. தம்பி அங்கே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மரங்களைப் பார்த்தேன். காய்ந்து தொங்கும் இலைகள் மாதிரித்தான் முதலில் தெரிந்தது. ஒவ்வொரு கிளையிலும் கொத்துக் கொத்தாக, மங்கிய பழுப்பில்.

"இலை உதிருற காலம் வந்திட்டுதோ?" என்றாள் மன்னார்க்காரி.

அவள் கை காட்டியதைப் பார்த்துத் தம்பி இல்லை என்று தலையை ஆட்டினார். ஏரிப் பக்கம் கையைக் காட்டினார், பொறுங்கள் என்பதுபோல.

வெயில் சோளக்கொல்லையின் மேல் ஏறி முதல் மரத்தின் உச்சியைத் தொட்டது. ஓர் இலை திறந்தது. உள்ளே ஆரஞ்சு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கிளை முழுவதும். வெயில் கீழே இறங்க இறங்க, மேலிருந்து அடி வரை மரம் நிறம் மாறிக்கொண்டே வந்தது. எல்லாம் மொனார்க். இரவு குளிருக்கு ஒன்றையொன்று ஒட்டித் தொங்கியவை இப்போது சிறகை விரித்து வெயில் காய்ந்தன. வரிசையில் எல்லா மரமும் அப்படி. எண்ண வழியே இல்லை. நான் கணவரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாய் திறந்திருந்தது.

"திறங்கோ அக்கா, கெதியாத் திறங்கோ" என்று மன்னார்க்காரி என் முதுகைத் தள்ளினாள்.

வலையை மரத்தடி வெயிலில் வைத்து ஜிப்பைத் திறந்தேன். எங்களுடையவை ஒவ்வொன்றாக விளிம்புக்கு நடந்து வந்தன. ஒன்று அவள் தலைமேல் உட்கார்ந்தது. ஒன்று மிஸ்யூவின் தொப்பியில். அவர் விறைத்துப்போய், கழுத்தைக்கூடத் திருப்பாமல், "இருக்கிறதா? இன்னும் இருக்கிறதா?" என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். வலையின் மூலையில் கடைசியாக ஒன்று தயங்கி நின்றது. என் கணவர் குனிந்து, தயங்கி, சுட்டுவிரலை நீட்டினார். அது ஏறிக்கொண்டது. அவர் கையை நீட்டியபடியே நின்றார்.

ஏரியிலிருந்து காற்று எழுந்தது. முதலில் உச்சிக்கிளை காலியானது. பிறகு மரம் மரமாக அவிழ்ந்தது. தலைக்கு மேல் வானம் முழுக்க ஆரஞ்சுத் துணுக்குகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரைத் தாண்டித் தெற்கே சாய்ந்தன. சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது, தூரத்தில் மெல்லிய தூறல் விழுகிற மாதிரி. எங்களுடையவை எவை, மரத்தினுடையவை எவை என்று அதற்குமேல் எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கணவரின் விரலிலிருந்ததும் போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது மடித்த வலை என் மடியில் கிடந்தது. வண்டிக்குள் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். மிஸ்யூ பிரெஞ்சில், என் கணவர் ஆங்கிலத்தில், நாங்கள் இருவரும் இரண்டு விதத் தமிழில். யார் சொல்வதையும் யாரும் கேட்கவில்லை. பாலத்தின் மேல் வந்தபோது மிஸ்யூ ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, மரங்கள் எவ்வளவு உயரம் என்று கூரையில் முட்டிக் காட்டினார். என் கணவர், "இல்லை, இன்னும் உயரம்" என்று அவரோடு சண்டைக்குப் போனார்.